செட்டைக்குள் ஒரு சந்தனப் பொட்டு

பலெர்மோ
9 யூன் 2024

அன்புள்ள புஸ்பம் அக்காவுக்கு,

தங்கை மலர் எழுதுவது. நானும் இவரும் இங்கே சுகம். விசுவமடு வெயிலில் நீங்களும் பிள்ளை கேசிகாவும் வாடாமல் இருக்கிறீர்களா? முழங்காலுக்கு அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா, இல்லை சாமித் தட்டில் வைத்துக் கும்பிடுகிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று இவர் இன்னமும் நக்கல் அடிக்கிறார். "நீ கொக்காவோடை கதைச்சா கபோ சந்தை முழுக்கத் திரும்பிப் பாக்குது" என்கிறார். பொய் இல்லை. உங்களுக்கு அந்த ஒரு காது போன நாளிலிருந்து நான் கத்த, நீங்கள் "என்ன? என்ன?" என்று கேட்க, கடைசியில் பாவம் கேசிகா நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுக்கிறாள். கடிதம் என்றால் மெதுவாகப் பேசலாம்.

வேலையில் ஒரு மாற்றம். நான் ரயில் ஏறிப் பகேரியாவுக்குப் போய் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன் அல்லவா, அந்த வீட்டுக்காரர் சின்யோர் கலோஜெரோ, மனைவியை இழந்த கணக்கு வாத்தியார். அவருடைய பழைய மாளிகைக்குப் பின்னால், ஒரு காலத்தில் எலுமிச்சம்பழம் அடுக்கிய பெரிய கொட்டில் இருக்கிறது. இப்போது அங்கேதான் எனக்குத் தையல் வேலை. மெல்லிய மரச்சட்டத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி அயன் பண்ணினால் அது சுருங்கி மேளத்தோல் போல இறுகும். பிறகு முழ நீள ஊசி. நான் இந்தப் பக்கம் நின்று குத்துவேன், அவர் அந்தப் பக்கம் நின்று வாங்கித் திருப்பி அனுப்புவார். முன்பு எதிர்ப்பக்கம் அவருடைய மனைவி நிற்பாவாம். தனி ஆளால் செய்யக்கூடிய தையல் இல்லை.

காலையில் கூரை இடுக்கால் வெயில் இறங்கும்போது அந்தத் துணிக்குள் வெளிச்சம் நிறைந்துவிடும். ஊசியோடு நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். என்ன சாமானுக்கு இந்தத் துணி என்று பிறகு எழுதுகிறேன்.

இந்த ஊர்ச் சனம் உடுப்பை வீதிக்கு மேலே, வானம் பார்க்கக் காயப்போடுகிறது. எனக்கு இன்னமும் கை வரவில்லை. சமையலறைக்குள் கொடி கட்டியிருக்கிறேன். இவர் ஏசுகிறார்.

உடம்பைக் கவனியுங்கள். கேசிகாவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கை,
மலர்


விசுவமடு
4 யூலை 2024

அன்புத் தங்கை மலருக்கு,

கடிதம் வந்தது. இங்கே குறையில்லை. எண்ணெய் பூசுகிறேன், கும்பிடவும் செய்கிறேன், இரண்டுக்கும் முழங்கால் அசையவில்லை. குலேந்திரன் பிரஷர் மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா?

கிணறு அடிக்குப் போய்விட்டது. சேவல் ஒன்றை நாய் பிடித்துவிட்டது. கேசிகா பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போகிறாள், வீட்டுக்கு வந்து என்னையும் பாலர் மாதிரி அதட்டுகிறாள்.

போன கிழமை சோறு வடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டது. மனிசர் கதைப்பது எனக்குக் கேட்பதில்லை, ஆனால் வானத்தில் அது வந்தால் ஊரில் முதலில் கேட்பது எனக்குத்தான். நான் மேசைக்குக் கீழே. கேசிகா குனிந்து பார்த்து, "எழும்புங்கோ அம்மா, அது மந்திரியின்ரை ஹெலி" என்றாள். கஞ்சி முழுக்கத் தரையில். எழும்பித் துடைத்தேன்.

தம்பி கிருபனின் திவசம் ஆடியில் வருகிறது. நீ அங்கே ஒரு விளக்குக் கொளுத்து.

உடுப்பை உள்ளேயே போடு. குலேந்திரன் ஏசினால் ஏசட்டும். நானும் இன்றுவரை, மேலேயிருந்து தெரியாமல், மாமரத்துக்குக் கீழேதான் காயப்போடுகிறேன்.

அது என்ன துணி? படகுப் பாயா? ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எழுது.

நல்லாயிரு.
அக்கா


பலெர்மோ
11 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே ஆபிரிக்கா பக்கத்துக் காற்று வீசி, ஊர் முழுக்கச் சிவப்புத் தூசு. உங்களுக்கு இருமல் இல்லையே? கிருபனுக்கு விளக்குக் கொளுத்தினேன்.

அக்கா, அது படகுப் பாய் இல்லை. விமானத்தின் செட்டை.

எழுதிவிட்டேன். இனி முழுவதும் சொல்கிறேன்.

சின்யோர் கலோஜெரோ தன் கையாலே ஒரு சின்ன விமானம் கட்டுகிறார். மரமும் துணியும்தான். இரண்டு பேர் இருக்கலாம். கட்டத் தொடங்கும்போது அவருக்குத் தலைமயிர் கறுப்பு. இந்த நாட்டில் ஒருவர் சொந்தக் கையால், சொந்த ஆசைக்குக் கட்டினால், சோதித்துப் பார்த்துப் பறக்க விடுகிறார்கள். விற்பனைக்குக் கட்டுகிற கொம்பனிக்கு வேறு சட்டம், அது பெரிய சிக்கல்.

இப்போது அவருடைய தங்கை மகன் ருஜெரோ இடையில் வந்திருக்கிறான். மாமாவின் விமானத்தைப் படம் பிடித்து இன்ரநெற்றில் போட்டான். லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பணக்காரர் வந்து குவிந்தார்கள். "எனக்கும் ஒன்று வேண்டும்." பெட்டி பெட்டியாய் உதிரிப் பாகங்கள் வந்து இறங்கின. கொட்டிலில் பாதியை ருஜெரோ எடுத்துக்கொண்டான், இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் சின்யோர். வாசலில் ஒரு பலகை: 'உங்கள் கையால் உங்கள் விமானம்.' கை எங்களுடையது. மன்னார்ப் பிள்ளை கொட்வின் பசை பூசுகிறான், நான் தைக்கிறேன். பல் டொக்டர் ஒருவர் சனிக்கிழமையில் மடிப்புக் கலையாத வேலை உடுப்போடு வருவார், சுத்தியலைப் பிடித்துப் படம் எடுப்பார், எங்களுக்குக் கன்னோலி இனிப்பு தந்துவிட்டுப் போவார். பெரும்பகுதியை நானே கட்டினேன் என்று அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கிறார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முதல் நாள் அந்தக் கொட்டிலுக்குள் போய்ச் சிறகு போல நீண்ட செட்டையைக் கண்டதும் திரும்பி ரயில் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். அடுத்த நாள் போய்த் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மரம், பசை மணம், அவ்வளவுதான். இப்போது கனவில்கூடத் தைக்கிறேன். கனவில் ஊசியின் எதிர்ப்பக்கம் நிற்பது நீங்கள்.

சின்யோர் சொல்லியிருக்கிறார், அவருடைய விமானம் எழும்பும் நாளில் பக்கத்து இருக்கை எனக்காம். ஆசையாக இருக்கிறது அக்கா. ஒளிக்கவில்லை. ஆனால் உங்கள் வாயால் "போ" என்று வராமல் ஏறமாட்டேன்.

கோபிக்காமல் எழுதுங்கள்.

மலர்


பலெர்மோ
13 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எப்படி என்று தெரியவில்லை. கேசிகாவிடம் கேட்டால், "கடிதம் வந்தது சின்னம்மா, வாசிச்சவ, ஒண்டும் சொல்லேல்லை" என்கிறாள். தபால்காரன் சைக்கிளைக் கண்டு நான் படி இறங்குவதைப் பார்த்து இவரே பேச்சை மாற்றுகிறார்.

நேற்று ஆயுதபூசை. வீட்டில் கத்தரிக்கோலுக்கும் ஊசிக்கும் வைத்தேன், ஆனால் மனம் கொட்டிலிலேயே நின்றது. இன்று ஞாயிறு என்றாலும் சின்யோரிடம் கொட்டிலின் திறப்பு வாங்கிச் சந்தனமும் குங்குமமும் கொண்டு போனேன். கொட்வினும் கோயிலில் பூசை முடித்து வந்திருந்தான். "அக்கா, என்ரை பசை வாளிக்கும் ஒண்டு வையுங்கோ, மாதா கோவிக்கமாட்டா" என்றான். வைத்தேன்.

சோதனைக்காகத் துணியை உரித்த செட்டைகள் எலும்போடு வரிசையாக நின்றன. அரசாங்கச் சோதனையாளர் அந்த எலும்புகளை முன்பே பார்த்து 'சரி' போட்டுவிட்டார், நாளை திரும்ப மூடப்போகிறோம். ஒவ்வொன்றின் நடுவிலும் போகிற தடித்த மரத்தில், சின்யோருடையதிலும் பல் டொக்டருடையதிலும் மற்றவற்றிலும், ஒவ்வொரு பொட்டு வைத்தேன். துணி மூடினால் யாருக்கும் தெரியாது. சாமிக்கும் எனக்கும்தான்.

என்ன கும்பிட்டேன் தெரியுமா? இதிலிருந்து ஒன்றும் விழக்கூடாது என்று. ஏறினவர் இறங்கட்டும், வேறொன்றும் இதிலிருந்து கீழே விழக்கூடாது. வேறு எதுவும் கேட்க வரவில்லை. அழுதுவிட்டேன் அக்கா. கொட்வின் வெளியே போய் நின்றான்.

ஏசியாவது எழுதுங்கள்.

மலர்


விசுவமடு
17 நவம்பர் 2024

அன்புத் தங்கை மலருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குலேந்திரனைக் கேட்டதாகச் சொல்லு.

மழை தொடங்கிவிட்டது. கிணறு மேல்வரை நிரம்பித் தவளை கத்துகிறதாம், கேசிகா சொல்கிறாள். கோழிக்கூட்டுக்குப் புதுத் தகரம் போட்டோம். கேசிகாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது, பொடியன் வங்கியில் வேலை, அவள் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு திரிகிறாள். மாமரத்துக்குக் கீழே எதுவும் காய்வதில்லை. உடுப்பெல்லாம் புழுங்கல் மணம்.

தையல் கண்ணுக்குக் கெடுதல். கண்ணாடியை மாற்று. குளிருக்குக் காலுறை போடு.

அக்கா


பலெர்மோ
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நன்றாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே சுகம். கண்ணாடி மாற்றினேன். நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் எழுதாமல் விட்டீர்கள், நானும் அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் தங்கையால் ஒரு கொம்பனியே இழுத்து மூடப்பட்டுவிட்டது.

கடைசிச் சோதனைக்கு அந்த அரசாங்கச் சோதனையாளர் வந்தார். முதலில் பல் டொக்டரின் விமானம். செட்டையின் அடிப்பக்கத்தில் பார்ப்பதற்கென்று விட்ட ஓட்டைக்குள் சின்ன லைற்றையும் கண்ணாடியையும் விட்டுப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றார்.

"உள்மரத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ பூத்திருக்கிறது. போனமுறை இது இல்லை. மரம் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன இது, தொத்தோரே? கட்டியவர் நீங்கள்தானே?"

பல் டொக்டர் ஓட்டைக்குள் பார்த்தார். அவருக்கு எங்கே தெரியும்? "அது... மரத்தின் இயற்கை நிறம்" என்றார். மற்றச் செட்டைக்குள்ளும் அதே இடத்தில் அதே நிறம். சோதனையாளர் பயந்துபோய், துணியை வெட்டித் திறக்கச் சொல்லிக் கத்தியைக் கையில் எடுத்தார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "வெட்டாதேங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகுதான் இத்தாலி மொழி வாயில் வந்தது. அது மரத்துக்கு வந்த வருத்தமில்லை, பொட்டு, ஆசீர்வாதம், நான்தான் வைத்தேன் என்றேன். கைப்பையில் இருந்த சந்தனக் கட்டியை எடுத்துக் கரைத்து அவர் கையில் தொட்டும் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"சின்யோரா, எப்போது வைத்தீர்கள்?"

"துணி மூட முதல்."

"துணியை மூடியது யார்?"

ருஜெரோ என் முகத்தையே பார்த்தான். கொட்வின் நிலத்தைப் பார்த்தான். பல் டொக்டர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டும் என்றே நினைத்தேன் அக்கா. ஆனால் என் கட்டைவிரலில் சந்தனம் காயாமல் இருந்தது.

"நான்தான்" என்றேன்.

அடுத்த விமானம், அதற்கடுத்தது, எல்லாவற்றுக்குள்ளும் என் பொட்டு. கட்டியவர் என்று கையெழுத்து வைத்த எவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. கடைசியில் சின்யோர் கலோஜெரோவின் செட்டை. அவரிடமும் கேட்டார். "எலும்பெல்லாம் நான். தோல் நானும் மலரும். பொட்டு அவளுடையது, இருக்கட்டும், நன்றாயிருக்கிறது" என்றார். சோதனையாளர் அதற்கு மட்டும் சரி போட்டார். மற்றவை எல்லாம் நிறுத்தம். ருஜெரோ என்னை ஏசிய ஏச்சை எழுத முடியாது. பலகையைக் கழற்றியாகிவிட்டது. கொட்வினுக்கு வேலை போய்விட்டது, இவர் தன் ஹோட்டல் குசினியில் அவனுக்குக் கேட்டுப் பார்க்கிறார். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். "விடுங்கோ அக்கா, மாதா கோவிச்சிட்டா போலை" என்று அவனே சிரிக்கிறான்.

சின்யோரின் விமானம் சித்திரையில் எழும்பும். இருக்கை இன்னும் எனக்காகத்தான் இருக்கிறது. நான் "ஓம்" சொல்லவில்லை.

மலர்


விசுவமடு
16 பெப்ரவரி 2025

என் மலருக்கு,

சுகமா? நான் சுகம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பூஞ்சணக் கதையை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் கேசிகா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு. சிரித்து முடித்துவிட்டு ஓகஸ்ட் கடிதத்தையும் ஒக்ரோபர் கடிதத்தையும் எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது. என் தங்கை அதற்குச் செட்டை தைக்கிறாளா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு நீ பொட்டு வைத்துக் கும்பிட்டதை எழுதினாய். 'இதிலிருந்து ஒன்றும் விழக்கூடாது.' அந்த வரியில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் கோழியையும் தவளையையும் எழுதினேன்.

அன்றைக்குக் குண்டு போடக் கிபிர் விமானம் வந்தபோது நீயும் நானும் பங்கருக்குள். கிருபன் கிணற்றடியில் நின்றான். கையில் வாளி. ஓடி வந்தான், பாதித் தூரம் வந்துவிட்டான். வெட்டவெளி, நல்ல வெயில். அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவு உயரத்திலிருந்து கீழே இருப்பது மனிசர் என்று தெரியாது, ஒன்றும் தெரியாது என்று. நானும் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். நம்பினேனா என்று யாரும் கேட்கவில்லை.

நீ போ. ஏறு. உனக்கு ஆசை இருந்தால் அது நல்ல ஆசைதான்.

எனக்காக ஒன்று மட்டும் செய். மேலே இருந்து கீழே பார். மனிசர் தெரிகிறார்களா என்று பார்த்து எழுது. எனக்காக மாற்றி எழுதாதே.

கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு ஏறு. காதுக்குப் பஞ்சு வை.

அக்கா


பலெர்மோ
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இறங்கிவிட்டேன். அதை முதலில் எழுதச் சொல்லி இவர் பக்கத்தில் நிற்கிறார். கொட்வின் குசினி வேலையில் சேர்ந்துவிட்டான். பல் டொக்டர் விமானத்தின் துணியையெல்லாம் உரித்துவிட்டு முதலிலிருந்து தன் கையாலே கட்டுகிறார், இப்போது தலைமயிரில் பசை. எதிர்ப்பக்கம் ஊசி வாங்குவது சின்யோர். கன்னோலி வருவதில்லை, மனிசனுக்கு நேரமில்லை.

காற்று இல்லாத காலையாகப் பார்த்து, மலைப்பக்கம் ஒரு புல்வெளியிலிருந்து ஏறினோம். கவசம் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனது. புல் தடதடவென்று ஓடியது, பிறகு தடதடப்பு நின்றது. அவ்வளவுதான், நாங்கள் மேலே. செட்டைத் துணிக்குள் வெயில் நிறைந்து, நான் போட்ட தையல் ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரிந்தது. அதற்குள் எங்கோ பொட்டும் இருந்தது. கடல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் பலெர்மோ ஒரு கைப்பிடி ஊர், அதன் தலைமாட்டில் மலை. எலுமிச்சைத் தோட்டங்கள், ரயில் பாதை, நான் நாளும் போகிற ரயில்கூட ஊர்ந்து போனது. கனவில் வருகிற மௌனம் மாதிரி, எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு மௌனம். அழவில்லை. கிருபனை நினைத்தேன். அவன் இதில் இருந்திருந்தால் சின்யோரைக் கேள்வி கேட்டே கொன்றிருப்பான்.

பகேரியாவுக்கு மேலே ஒருமுறை சுற்றச் சொன்னேன். அவர் செட்டையைச் சரித்துச் சுற்றினார்.

ஒரு மொட்டைமாடி. கொடியில் சிவப்புப் போர்வை. அதைப் போட்டுக்கொண்டிருந்த பெண் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தா. பிறகு கையைக் காட்டினா. நானும் காட்டினேன்.

இது தாழப் பறப்பது, ஆறுதலாகப் போவது, அது வேறு மாதிரி என்று எழுதத் தொடங்கி, வெட்டிவிட்டேன். மாற்றி எழுதாதே என்றீர்கள்.

தெரிகிறது அக்கா. மனிசர் தெரிகிறார்கள்.

மலர்


விசுவமடு
8 யூன் 2025

அன்புத் தங்கை மலருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். குலேந்திரன் உப்பைக் குறைக்கட்டும். கேசிகா வங்கிப் பொடியனைப் பார்க்கச் சம்மதித்துவிட்டாள், மூஞ்சையைத் திருப்பிக்கொண்டுதான்.

உன் கடைசி வரியைக் கேசிகாவைக் கொண்டு இந்த ஒற்றைக் காதுக்குள் உரத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தலையாட்டுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். உண்மை சொன்னதற்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

நேற்று மாமரத்துக் கொடியை அவிழ்த்து முற்றத்து நடுவில் கட்டினேன். கூறைச் சேலையை எடுத்து அலசிப் போட்டேன். அந்தச் சிவப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அப்போது சத்தம் கேட்டது. வழக்கம்போல எனக்குத்தான் முதலில். கேசிகா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "உள்ளை வாங்கோ அம்மா" என்றாள்.

"விடு பிள்ளை" என்றேன். சேலையின் மற்றத் தலைப்பையும் நன்றாக விரித்துவிட்டு அங்கேயே நின்றேன். தெரியட்டும்.

முழங்கால் பரவாயில்லை. நீயும் உடுப்பை வெளியில் போடு.

அக்கா